உயிர் போகும் நேரத்திலும் பேச வேண்டிய சீரியல் போர்ட்

லினக்ஸ் கம்ப்யூட்டர் திடீரென உறைந்து விடுகிறது. மவுஸ் நகரவில்லை. கீபோர்டில் எதை அழுத்தினாலும் பதில் இல்லை. ரீஸ்டார்ட் செய்து லாக் ஃபைலைப் பார்த்தால், உறைந்த நொடியின் செய்தி மட்டும் அதில் இல்லை. ஹார்ட் டிஸ்க்குக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் நின்று விட்டது. காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

என்னைப் போல டிரைவர் எழுதுபவர்கள் இதற்கு நம்பியிருப்பது பழைய சீரியல் போர்ட்டைத்தான். கர்னல் தன் செய்திகளை 'பிரிண்ட்கே' என்ற ஃபங்ஷன் வழியாகத் தருகிறது. சீரியல் கன்சோல் டிரைவர் அவற்றை ஒவ்வோர் எழுத்தாகக் கம்பியில் அனுப்பும். மறுமுனையில் இன்னொரு கம்ப்யூட்டரில் புட்டி அல்லது மினிகாம் திறந்து படிக்கலாம். டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் எதுவும் தேவையில்லை.

ஒரே குறை, வேகம். 115200 பாட் வேகத்தில் ஓர் எழுத்துக்கு ஸ்டார்ட், ஸ்டாப் பிட்களோடு சேர்த்து 10 பிட்கள். அதாவது ஓர் எழுத்துக்குச் சுமார் 87 மைக்ரோ செகண்ட். 80 எழுத்து வரிக்கு ஏறத்தாழ 7 மில்லி செகண்ட். 9600 பாட் என்றால் 83 மில்லி செகண்ட். புராசஸருக்கு இது ஒரு யுகம். அந்த நேரத்தில் இன்னொரு புராசஸரும் அதே சிப்பில் எழுத வந்தால் இரண்டு செய்திகளும் கலந்து விடும். அதனால் பூட்டு வேண்டும்.

கர்னலில் இதற்கு 'ஸ்பின் லாக்' பயன்படுகிறது. பூட்டு கிடைக்காதவர் தூங்கப் போக மாட்டார். திறக்கும் வரை அங்கேயே சுற்றிச் சுற்றிக் காத்திருப்பார். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. டிரைவர் பூட்டைப் போட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது, அதே புராசஸரில் சீரியல் போர்ட்டின் இன்டரப்ட் வருகிறது என்று வையுங்கள். எழுதும் வேலை பாதியில் நிற்கும், இன்டரப்ட் ஹேண்ட்லர் ஓடும். அதற்கும் அதே பூட்டு வேண்டும். பூட்டை வைத்திருப்பவர் தொடர்ந்தால்தான் திறப்பார். ஹேண்ட்லர் முடிந்தால்தான் அவர் தொடர முடியும். உள்ளே தாழிட்டுக்கொண்ட ஆளே வெளியே நின்று கதவைத் தட்டுவது போல. இதுதான் டெட்லாக்.

தீர்வு, பூட்டும்போதே அந்தப் புராசஸரில் இன்டரப்ட்களையும் நிறுத்தி வைப்பது. லினக்ஸில் இதைச் செய்வது 'ஸ்பின் லாக் ஐ.ஆர்.க்யூ. சேவ்'. அதென்ன 'சேவ்' என்று கேட்கிறீர்களா? பிரிண்ட்கேயை யார், எந்த நிலையில் அழைப்பார்கள் என்று சொல்ல முடியாது. அழைத்தவர் ஏற்கெனவே இன்டரப்ட்களை நிறுத்தியிருக்கலாம். வேலை முடிந்ததும் நாம் கண்ணை மூடிக்கொண்டு அவற்றைத் திறந்து விட்டால், அவருடைய பாதுகாப்பு போய்விடும். எனவே பழைய நிலையைக் குறித்து வைத்து, அதையே திருப்பித் தருகிறோம்.

இது மட்டும் போதுமா? போதாது. ஒரு நிறுவனம் அனுப்பிய போர்டை ஒருமுறை ஆராய்ந்தேன். சாதாரணமாக நன்றாக ஓடும்; டெர்மினலில் நீளமான டெக்ஸ்ட்டை பேஸ்ட் செய்தால் மட்டும் உறைந்து விடும். பூட்டெல்லாம் ஐ.ஆர்.க்யூ. சேவ்தான். எழுத்துகள் படிக்கும் வேகத்தை மீறி வந்து குவிந்ததும், ஹேண்ட்லர் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே 'ஓவர்ரன்' என்று பிரிண்ட்கே செய்தது. பிரிண்ட்கே கன்சோலுக்குப் போனது, கன்சோல் அதே பூட்டைக் கேட்டது. கதை முடிந்தது! பூட்டுக்குள் எண்ணிக்கையை மட்டும் கூட்டிக்கொண்டு, வெளியே வந்த பிறகு சொன்னால் இந்தத் தொல்லை இல்லை. லினக்ஸின் 8250 டிரைவரும் ஓவர்ரன்களை எண்ணித்தான் வைக்கிறது.

சிஸ்ரிக் கீயிலும் இதே முடிச்சு உண்டு. சீரியல் லைனில் 'பிரேக்' சிக்னல் அனுப்பி, 5 செகண்டுக்குள் ஓர் எழுத்தைத் தட்டினால் கர்னல் தன் நிலவரத்தை அச்சிடும். ஆனால் அந்த எழுத்தைப் படிப்பதே பூட்டுக்குள் இருக்கும் ஹேண்ட்லர்தான். அதனால் இப்போதைய டிரைவர்கள் எழுத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பூட்டைத் திறந்த பிறகே செயல்படுத்துகின்றன.

கடைசியாக, கர்னல் 'பேனிக்' ஆகும் நேரம். பூட்டை வைத்திருந்த புராசஸரே நின்று போயிருக்கலாம். அது இனித் திறக்கப் போவதில்லை. அப்போது 8250 டிரைவர் பூட்டை ஒருமுறை முயன்று பார்க்கும். கிடைக்காவிட்டால் பூட்டு இல்லாமலே எழுதிவிடும். எழுத்துகள் குழம்பலாம். குழம்பிய வரியிலிருந்தும் எந்த ஃபங்ஷனில் விழுந்தது என்று ஊகித்து விடலாம். வெற்றுத் திரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

2024 நவம்பரில் வெளியான 6.12 கர்னலில் ரியல் டைம் வசதி முழுமையாகச் சேர்ந்தது. அதற்கு நெடுநாள் தடையாக இருந்தது பிரிண்ட்கேதான். 7 மில்லி செகண்ட் இன்டரப்ட்களை நிறுத்தினால் ரியல் டைம் எங்கே? புதிய 'என்.பி.கான்' முறையில் சாதாரணம், அவசரம், பேனிக் என மூன்று முன்னுரிமைகள். சாதாரண நேரத்தில் தனி திரெட் அச்சிடும். அவசரக்காரர் வந்தால், சிப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஆபத்தான கட்டம் தாண்டியதும் கன்சோல் கை மாறும். பேனிக்கில் வேறு வழியே இல்லையென்றால் பறித்துக்கொள்ளவும் அனுமதி உண்டு.

வீட்டில் ராஸ்ப்பெர்ரி பை வைத்திருந்தால் இதை நீங்களே பார்க்கலாம். 40 பின் வரிசையில் 6 கிரவுண்ட், 8 அனுப்புவது, 10 பெறுவது. செட்டிங்கில் சீரியல் கன்சோலை இயக்கி, 115200 வேகத்தில் புட்டியைத் திறங்கள். 3.3 வோல்ட் யு.எஸ்.பி. சீரியல் கேபிளையே வாங்குங்கள். பழைய பி.சி.யின் காம் போர்ட் ஒயரை நேராகச் செருகினால், கர்னல் பேனிக் ஆகும் முன் போர்டு எரிந்து விடும்.