எல்லோருக்கும் இணையம் – 9: ‘இங்கே’ என்றால் எங்கே?

படங்களுக்கு எழுத வேண்டிய மாற்று உரையைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம், சொடுக்கினால் வேறு பக்கத்துக்கு அழைத்துப்போகும் இணைப்புச் சொற்கள்.

பார்வையற்ற நண்பர் ஒருவர், தமிழாசிரியர். தன் மாணவிக்குக் கல்வி உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்க ஓர் இணையதளத்தைத் திறந்தார். நான் அருகில் இருந்தேன். அவர் பயன்படுத்துவது, திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான். பார்வையற்றவரான மைக்கேல் கரன் ஆஸ்திரேலியாவில் 2006இல் தொடங்கிய இலவச மென்பொருள். இன்சர்ட், எஃப்7 விசைகளைச் சேர்த்து அழுத்தினார். பக்கத்திலுள்ள இணைப்புகள் மட்டும் பட்டியலாக வந்தன. அம்புக்குறியை அழுத்த அழுத்த, குரல் சொன்னது: “இங்கே சொடுக்கவும்.” “இங்கே சொடுக்கவும்.” “இங்கே சொடுக்கவும்.” ஆறு முறை. ஏழாவது, “மேலும் படிக்க”.

“இதுல எது விண்ணப்பம், எது விதிமுறை? ஒவ்வொண்ணா உள்ளே போய்ப் பார்த்துட்டுத் திரும்பி வரணும் சார்” என்றார்.

கண்ணால் படிப்பவருக்கு ‘இங்கே’ என்ற சொல்லைச் சுற்றி என்ன எழுதியிருக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். காதால் கேட்பவருக்குப் பட்டியலில் அந்தச் சொல் மட்டும்தான் கிடைக்கிறது. இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி வெளியிட்டுள்ள அணுகல் வழிகாட்டுநெறிகளில் 2.4.4ஆம் விதி இதைத்தான் பேசுகிறது: இணைப்பு எதற்கானது என்பது அதன் சொற்களிலிருந்தோ, அது இருக்கும் வாக்கியம், பத்தி போன்ற சூழலிலிருந்தோ விளங்க வேண்டும். இது ‘ஏ’ நிலை, அதாவது அடிப்படைத் தேவை. சொற்களே தனித்து நின்று விளங்க வேண்டும் என்று இன்னும் கண்டிப்பாகக் கேட்பது 2.4.9.

திருத்துவது மிக எளிது. ‘விண்ணப்பப் படிவத்தைப் பதிவிறக்க இங்கே சொடுக்கவும்’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். தேவையான சொற்கள் முன்பாதியிலேயே இருக்கின்றன. ‘விண்ணப்பப் படிவத்தைப் பதிவிறக்க’ என்பதை இணைப்பாக்கிவிட்டு, மீதியை வெட்டிவிடலாம். கைபேசியில் தொடுகிறவருக்குச் ‘சொடுக்கவும்’ என்ற சொல்லே பொருந்தாது.

தமிழின் சொல்வரிசை நமக்குத் துணை நிற்கிறது. வினை கடைசியில் வருவதால், எந்தப் பொருள் என்பது முதலிலேயே வந்துவிடுகிறது. ‘விதிமுறைகளைப் படிக்க’, ‘கடைசித் தேதியை அறிய’ என்று பட்டியல் ஓடும்போது, முதல் சொல்லைக் கேட்டதுமே இது வேண்டுமா, வேண்டாமா என்று முடிவுசெய்து அடுத்ததற்குப் போய்விடலாம்.

இன்னும் சில. வேற்றுமை உருபை வெளியே விட்டுவிட்டுப் பாதிச் சொல்லை இணைப்பாக்காதீர்கள். ‘படிவத்தை’ என்பது முழுதாக உள்ளே இருக்கட்டும். நீண்ட இணைய முகவரியை அப்படியே ஒட்டாதீர்கள். திரைவாசிப்பான் அதன் சாய்கோடுகளையும் எண்களையும்கூடப் படித்துக்கொண்டிருக்கும். திறக்கப்போவது பிடிஎஃப் கோப்பு என்றால் அதையும் அளவையும் சேர்த்துச் சொல்லுங்கள்: ‘விண்ணப்பப் படிவம், பிடிஎஃப், 2 எம்பி’. டேட்டா குறைவாக உள்ளவருக்கும் அது உதவும்.

நண்பர் அன்று நான்காவது ‘இங்கே’யில் படிவத்தைக் கண்டுபிடித்தார். அதற்குள் மூன்று தவறான பக்கங்களுக்குப் போய் வந்திருந்தார்.

இணையதளம் நடத்துகிறவர்களே, உங்கள் பக்கத்தின் இணைப்புச் சொற்களை மட்டும் ஒரு தாளில் எழுதி, வீட்டில் யாரிடமாவது வாசித்துக் காட்டுங்கள். எது எங்கே போகும் என்று அவர்களால் சொல்ல முடியவில்லையா? இன்றைக்கே மாற்றுங்கள்.