சிங்கப்பூரின் உணவங்காடி நிலையங்களும் உணவு விழாக்களும்

உணவங்காடி நிலையம் என்பது சமைத்த உணவை விற்கும் பல சிறு கடைகள் ஒரே கூரையின்கீழ் அமைந்த, பக்கச்சுவர்கள் இல்லாத பொது உணவிடம் ஆகும். சிங்கப்பூரில் இத்தகைய நிலையங்கள் 110க்கு மேல் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ 6,000 சமைத்த உணவுக் கடைகள் இயங்குகின்றன. சீன, மலாய், இந்திய உணவுகள் அடுத்தடுத்த கடைகளில் குறைந்த விலையில் கிடைப்பது இவற்றின் சிறப்பு. ஒரு பெருநகரின் உணவை அறிய விரும்புவோர் பொதுவாகப் புகழ்பெற்ற உணவகங்களின் பட்டியலைத் தேடுவர். சிங்கப்பூரைப் பொறுத்தவரை அந்நகர மக்கள் நாள்தோறும் உண்ணும் இடம் உணவங்காடி நிலையமே. தமிழ் அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று என்பதால் ‘உணவங்காடி’ என்ற இச்சொல் அங்கு அன்றாட வழக்கில் உள்ளது.

தோற்றம்

19ஆம் நூற்றாண்டில் சீனா, மலாய்த் தீவுகள், தமிழகம் ஆகிய இடங்களிலிருந்து பிழைப்புத் தேடிச் சிங்கப்பூருக்கு வந்தவர்களில் பலர் குடும்பமின்றி வந்த தொழிலாளர்கள். அவர்களுக்குச் சமைத்துத் தர வீட்டில் ஆளில்லை. தோளில் காவடிபோல் கட்டிய கூடைகளிலும் தள்ளுவண்டிகளிலும் உணவு விற்றவர்களே அவர்களுக்குப் பசியாற்றினர். முதலீடு அதிகம் தேவைப்படாத தொழில் என்பதால் வேலையற்றோர் பலரும் இதில் இறங்கினர்.

சாலையோர விற்பனையால் சிக்கல்களும் எழுந்தன. குழாய்நீர் வசதி இல்லாத இடத்தில் ஒரே வாளி நீரில் பல தட்டுகள் கழுவப்பட்டன. கழிவுகள் வடிகால் வழியே சிங்கப்பூர் ஆற்றில் கலந்தன. வாந்திபேதி, குடற்காய்ச்சல் முதலிய நோய்கள் பரவும் அச்சம் இருந்தது. இத்தொழிலை ஆராய 1950ஆம் ஆண்டில் ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது.

விடுதலைக்குப் பின் 1968-69இல் அரசு சாலையோர விற்பனையாளர்களைக் கணக்கெடுத்து, ஏறத்தாழ 18,000 பேரைப் பதிவு செய்தது. அவர்களை விரட்டுவதற்கு மாறாக, 1971 முதல் குழாய்நீர், மின்சாரம், கழிவுநீர் இணைப்பு ஆகியவற்றுடன் கூடிய நிலையங்களைக் கட்டி அவற்றில் இடம் ஒதுக்கியது. 1977 முதல் 1987 வரை நடந்த ஆற்றுத் தூய்மைப் பணியின்போதும் ஏறக்குறைய 5,000 விற்பனையாளர்கள் இடம் மாற்றப்பட்டனர். 1986ஆம் ஆண்டளவில் சாலையோர விற்பனையாளர் அனைவரும் நிலையங்களுக்குள் வந்துவிட்டனர். அதன்பின் நீண்ட காலம் புதிய நிலையங்கள் கட்டப்படவில்லை. 2011இல் அரசு மீண்டும் கட்டப்போவதாக அறிவித்தது.

மூவகை உணவிடங்கள்

சிங்கப்பூருக்குப் புதிதாக வருவோர் மூன்று வகை உணவிடங்களை ஒன்றாகக் கருதுவது உண்டு. அவற்றுக்கிடையே வேறுபாடு உள்ளது.

உணவங்காடி நிலையம்: அரசுக்குச் சொந்தமானது. பெரும்பாலும் காய்கறி, மீன் விற்கும் ஈரச்சந்தையுடன் சேர்ந்தே இருக்கும். குளிரூட்டப்படாதது. விலை குறைவு.

காப்பிக்கடை: குடியிருப்பு அடுக்குமாடிகளின் தரைத்தளத்தில் இருக்கும் சிறிய உணவிடம். பானக் கடையுடன் சில உணவுக் கடைகள் இருக்கும்.

உணவுக் கூடம்: பேரங்காடிகளுக்குள் தனியார் நடத்தும் குளிரூட்டப்பட்ட இடம். விலை சற்றுக் கூடுதல்.

சில குறிப்பிடத்தக்க நிலையங்கள்

தேக்கா நிலையம்: லிட்டில் இந்தியா வட்டாரத்தில் சிராங்கூன் சாலையும் பஃபலோ சாலையும் சேரும் இடத்தில் உள்ளது. இதன் முன்னோடியான சந்தை 1915இல் அமைந்தது. அதன் மலாய்ப் பெயரான ‘கண்டாங் கெர்பாவ்’ என்பதற்கு எருமைக் கொட்டில் என்பது பொருள். ‘தேக்கா’ என்பதோ சிறு மூங்கிலின் அடி என்று பொருள்படும் ஹொக்கியன் சீனத் தொடரிலிருந்து வந்தது. இன்றைய கட்டடம் 1982இல் திறக்கப்பட்டது. பிரியாணி, பிராட்டா, மீன் கறி ஆகியவற்றுக்காக இங்கு வருவோர் மிகுதி. தமிழ், மலாய், மாண்டரின், ஆங்கிலம் ஆகிய நான்கையும் இங்கு ஒருசேரக் கேட்கலாம்.

சைனாடவுன் கட்டடத்தொகுதி: இதன் இரண்டாம் தளத்தில் உள்ள நிலையமே சிங்கப்பூரின் மிகப்பெரிய உணவங்காடி நிலையம் ஆகும். கடைகளின் எண்ணிக்கை 200ஐத் தாண்டும்.

மேக்ஸ்வெல் உணவு நிலையம்: சைனாடவுனை ஒட்டியுள்ளது. ஹைனான் கோழிச்சோற்றுக்குப் பெயர்பெற்றது.

லாவ் பா சாட்: ஹொக்கியன் மொழியில் ‘பழைய சந்தை’ எனப் பொருள்படும். எண்கோண வடிவில் வார்ப்பிரும்புத் தூண்களுடன் 1894இல் எழுந்த இக்கட்டடம் 1973இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. இது தனியாரால் நடத்தப்படுகிறது. மாலையில் இதை ஒட்டிய பூன் தாட் தெருவில் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, கரியடுப்பில் சுட்ட சாத்தே விற்கப்படுகிறது.

கலந்து பிறந்த உணவுகள்

அருகருகே சமைத்தவர்கள் ஒருவர் பொருளை மற்றவர் எடுத்துக்கொண்டதால் சிங்கப்பூரில் பல புதிய உணவுகள் பிறந்தன. சீனர்களின் மஞ்சள் நூடுல்சைத் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள் மிளகாய் விழுது, தக்காளி, உருளைக்கிழங்குடன் வறுத்ததே இந்திய மீ கோரிங். இந்தியாவில் இவ்வுணவு கிடையாது. நம் பரோட்டா அங்கு ‘பிராட்டா’ ஆகி, காலை உணவாகக் கறிக்குழம்புடன் உண்ணப்படுகிறது. மாவில் தோய்த்துப் பொரித்த துண்டுகளை இனிப்பும் காரமும் கலந்த குழம்பில் தொட்டுண்ணும் இந்திய ரோஜாக்கும் இவ்வகையினதே.

மீன் தலைக் கறி இதற்கு மற்றோர் எடுத்துக்காட்டு. கேரளத்திலிருந்து சென்ற கோமெஸ் என்பவர் 1949இல் தம் உணவகத்தில் இதை அறிமுகப்படுத்தினார் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. மீன் தலையைச் சீனர்கள் விரும்பி உண்பதைக் கண்டு, அதைத் தென்னிந்திய முறைப்படி புளியும் மசாலாவும் சேர்த்துச் சமைத்தார். இன்று இதைச் சீன உணவகங்களும் சமைக்கின்றன.

நிலையங்களுக்கு வெளியிலும் தமிழரோடு தொடர்புடைய பழைய உணவகங்கள் உள்ளன. சிராங்கூன் சாலையில் 1947இல் தொடங்கிய கோமள விலாஸ் சைவ உணவகம் அவற்றுள் ஒன்று. நார்த் பிரிட்ஜ் சாலையில் சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே 1908 முதல் இயங்கும் சம்சம் உணவகம் முர்தபாக்கிற்குப் பெயர்பெற்ற இந்திய முஸ்லிம் உணவகம் ஆகும்.

முதன்முறை செல்வோர் அறியவேண்டியவை

இடம் பிடித்தல்: மேசைமேல் காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் ஒன்று இருந்தால் அவ்விடம் ஏற்கெனவே பிடிக்கப்பட்டுவிட்டது என்று பொருள். இவ்வழக்கத்தைச் ‘சோப்’ என்பர். முதலில் இடம் பிடித்துவிட்டுப் பின் வரிசையில் நிற்பதே வழக்கம்.

தட்டைத் திருப்பி வைத்தல்: உண்டபின் தட்டையும் குப்பையையும் உரிய இடத்தில் சேர்ப்பது 2021 செப்டம்பர் 1 முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்படுகிறது. முதல்முறை தவறினால் எச்சரிக்கை, மீண்டும் தவறினால் அபராதம். ஹலால் தட்டுகளுக்கும் மற்றவற்றுக்கும் தனித்தனி அடுக்குகள் உண்டு.

ஹலால், சைவம்: ஹலால் சான்று பெற்ற கடைகள் அதைக் காட்சிக்கு வைத்திருக்கும். சைவம் உண்போர் மீன் சாறு, உலர் இறால் ஆகியவை சேர்ந்துள்ளனவா என்று கேட்டறிவது நல்லது. காய்கறி மட்டுமே தெரியும் குழம்பிலும் அவை இருக்கக்கூடும்.

பானங்கள்: ‘கோப்பி’ என்று மட்டும் கேட்டால் கெட்டிப்பால் கலந்த இனிப்புக் காப்பி வரும். ‘கோப்பி ஓ’ பாலில்லாதது, ஆனால் சர்க்கரை உண்டு. ‘கோசோங்’ என்று சேர்த்துச் சொன்னால் சர்க்கரையும் இராது. தேநீருக்கு ‘தே’ என்பர்.

நேரம்: எல்லாக் கடைகளும் நாள் முழுதும் திறந்திருப்பதில்லை. சில காலையிலேயே விற்றுத் தீர்ந்துவிடும். துப்புரவுப் பணிக்காக நிலையம் முழுவதுமே சில நாள் மூடப்படுவதும் உண்டு. மூடப்படும் நாள்களைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் முன்கூட்டியே வெளியிடுகிறது.

உணவு விழாக்களும் பருவச் சந்தைகளும்

நிலையங்கள் நாள்தோறும் இயங்குபவை. விழாக்காலத்தில் மட்டும் கூடும் உணவுச் சந்தைகள் வேறு. ரமலான் மாதத்தில் கேலாங் சிராய் வட்டாரத்தில் கூடும் சந்தை இவற்றில் புகழ்பெற்றது. நோன்பு துறக்கும் நேரத்தை ஒட்டிக் கூட்டம் பெருகும். மலாய்ப் பலகாரங்களோடு புதுமையான தின்பண்டங்களும் விற்கப்படும். சீனப் புத்தாண்டுக்கு முன் சைனாடவுனிலும் தீபாவளிக்கு முன் லிட்டில் இந்தியாவிலும் சந்தைகள் கூடும். முன்னதில் அன்னாசிப்பழப் பணியாரமும் பின்னதில் முறுக்கும் இனிப்புகளும் மிகுதியாக விற்பனையாகும்.

ஒழுங்கமைக்கப்பட்ட நிகழ்வுகளில் 1994இல் தொடங்கிய சிங்கப்பூர் உணவு விழா பழமையானது. சுற்றுலா வளர்ச்சியை நோக்கமாகக் கொண்ட இவ்விழாவில் சமையற்கலைஞர்களின் புதிய ஆக்கங்களும் மரபு உணவுகளும் இடம்பெறும். தெருவுணவுக்கென்றே 2013இல் உலகத் தெருவுணவு மாநாடு சிங்கப்பூரில் நடந்தது. விழாக்கள் ஒரே நாளில் பலவற்றைச் சுவைக்க வாய்ப்பளிக்கின்றன. எனினும் அங்கு விற்பவர் சில நாள்களுக்கு மட்டும் இடம் எடுத்து வருபவர். அதே உணவை அதே இடத்தில் பல்லாண்டு சமைத்தவரின் கைப்பக்குவத்தை அறிய நிலையத்திற்கே செல்லவேண்டும்.

புகழும் அங்கீகாரமும்

மிஷலின் வழிகாட்டி நூலின் முதல் சிங்கப்பூர்ப் பதிப்பு 2016இல் வெளிவந்தபோது, இரண்டு உணவங்காடிக் கடைகள் தலா ஒரு நட்சத்திரம் பெற்றன. தெருவுணவுக் கடைகளுக்கு இத்தகுதி கிடைத்தது அதுவே முதல்முறை. அவற்றுள் ஒன்று சைனாடவுன் கட்டடத்தொகுதியில் சோயா சாறு கோழிச்சோறு விற்ற கடை. அப்போது ஒரு தட்டின் விலை ஏறத்தாழ 2 வெள்ளி. பின்னர் அக்கடை பல கிளைகளுடன் நிறுவனமாக வளர்ந்தது. 2021இல் நட்சத்திரத்தை இழந்தது.

2020 டிசம்பர் 16 அன்று சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோவின் மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அப்பட்டியலில் சிங்கப்பூர் பெற்ற முதல் இடம் இதுவே. தனியொரு உணவுக்காக இது வழங்கப்படவில்லை. பல இனத்தவர் ஒரே மேசையில் தத்தம் உணவை உண்ணும் வழக்கமும், அதைச் சமைக்கும் திறனும் அங்கீகாரம் பெற்றன.

விலையும் பிழைப்பும்

அங்கீகாரம் கிடைத்தாலும் இக்கலாசாரம் தொடருமா என்ற கேள்வி சிங்கப்பூரில் தொடர்ந்து எழுப்பப்படுகிறது. கடைக்காரர்களின் இடைநிலை வயது ஏறத்தாழ 60. விடியற்காலையில் தொடங்கி, வெப்பத்தில் நின்று நீண்ட நேரம் உழைக்கும் இத்தொழிலுக்குப் படித்த பிள்ளைகள் வருவது குறைவு. பிள்ளைகள் இவ்வுழைப்பிலிருந்து விடுபடவேண்டும் என்றே பெற்றோர் பலர் அவர்களைப் படிக்க வைத்தனர் என்பதையும் மறக்கலாகாது.

வாடகையும் ஒரே சீராக இல்லை. சாலையோரத்திலிருந்து இடம் மாற்றப்பட்ட தலைமுறையினருக்குச் சலுகை வாடகை உண்டு. பின்னர் வந்தவர்கள் ஏலக் கேட்பின் வழியே இடம் பெறுகின்றனர். குறைந்தபட்ச ஏலத்தொகை 2012இல் நீக்கப்பட்டதால் கூட்டம் குறைந்த நிலையங்களில் மிகக் குறைந்த தொகைக்கும் கடை கிடைக்கும். போட்டி மிகுந்த இடங்களில் நிலைமை வேறு. 2024இல் மரீன் பரேட் நிலையத்தின் ஒரு கடைக்கு மாதம் 10,000 வெள்ளிக்கு மேல் ஏலம் கேட்கப்பட்டது.

அரிசி, எண்ணெய், எரிவாயு விலைகள் ஏறினாலும் ஒரு தட்டின் விலையை 50 காசு உயர்த்தக் கடைக்காரர் தயங்குகிறார். ஏனெனில் உணவங்காடி என்றாலே மலிவு என்று வாடிக்கையாளர் எதிர்பார்க்கிறார். அந்த எதிர்பார்ப்பிலும் நியாயம் உண்டு. குறைந்த வருமானம் உள்ளோர், முதியோர், தொழிலாளர்கள் ஆகியோர் வெளியில் உண்ணக்கூடிய இடம் இதுவே. விலை உயர்ந்தால் அவர்கள் பாதிக்கப்படுவர். உயராவிட்டால் சமைப்பவருக்குக் கூலி மிஞ்சாது. உணவகத்தில் ஒரு கிண்ண இத்தாலிய நூடுல்சுக்கு 20 வெள்ளி தரத் தயங்காதவர், அதே அளவு உழைப்பில் உருவான ஒரு கிண்ண லக்சாவுக்கு 6 வெள்ளி மிகை என்று சொல்வது ஏன் என்ற வினாவும் எழுகிறது.

இதற்குத் தீர்வாகப் புதியவர்கள் குறைந்த வாடகையில் சில மாதங்கள் தொழில் பழகும் திட்டம் 2018இல் தொடங்கியது. அனுபவமுள்ள கடைக்காரரிடம் பயிற்சி பெறும் திட்டம் 2020இல் வந்தது. வேறு வேலையை விட்டுவிட்டு இத்தொழிலுக்கு வந்த இளைஞர்களும் உள்ளனர். ஆயினும் ஓய்வுபெறும் ஒவ்வொரு கடைக்காரரோடும் எழுதி வைக்கப்படாத ஒரு செய்முறை மறையக்கூடும். கட்டடத்தை அரசு மீண்டும் கட்டலாம். அந்தக் கைப்பக்குவத்தை ஒருவர் மற்றொருவரிடம் நேரில் நின்று கற்றால்தான் அது நிலைக்கும். எனவே நீண்ட வரிசை நிற்கும் பெயர்பெற்ற கடைகளோடு, வரிசையில்லாத பழைய கடைகளிலும் உண்பது இம்மரபு தொடர உதவும்.