தபால்காரர் கட்டிய மாய அரண்மனை! "உள்ளே புதைக்க அனுமதி இல்லை" என்றது அரசு

தெருவில் கல் தடுக்கினால் என்ன செய்வோம்? நாலு வார்த்தை திட்டிவிட்டு நடையைக் கட்டுவோம். பிரான்சு நாட்டில் ஒரு தபால்காரர் அந்தக் கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அதில் இருந்து ஒரு அரண்மனையே எழும்பிவிட்டது!

அவர் பெயர் பெர்டினான்ட் ஷெவால். ஊர், தென்கிழக்கு பிரான்சில் உள்ள ஓத்ரீவ் கிராமம். தினமும் சுமார் 30 கிலோ மீட்டர் நடந்தே கடிதம் கொடுப்பவர். கல் தடுக்கியது 1879-ல். அப்போது வயது 43.

விசித்திரமான வடிவத்தில் இருந்தது கல். மறுநாள் அதே இடத்தில் இன்னும் பல கற்கள். முதலில் பையில் அள்ளினார். பிறகு கூடை. கடைசியில் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி.

ராத்திரி வேலை

பகலில் தபால். ராத்திரியில் எண்ணெய் விளக்கு வைத்துக்கொண்டு கட்டிட வேலை. கொத்து வேலை கற்றவர் அல்ல. கையாள் கிடையாது. "இந்த ஆளுக்குப் பைத்தியம்" என்றது ஊர்.

நீளம் மட்டும் 26 மீட்டர். இந்துக் கோவில், மசூதி, சுவிஸ் வீடு, பழைய காலத்துக் கோட்டை எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டி நிற்கின்றன! வாசலில் மூன்று ராட்சதர்கள். சுவர் எங்கும் யானை, ஒட்டகம், பாம்பு, பறவைகள். தபாலில் வந்த பட அட்டைகளும் பத்திரிகைகளும்தான் வழிகாட்டி.

1894-ல் மகள் ஆலிஸ் 15 வயதில் இறந்துபோனாள். அதன் பிறகும் வேலை நிற்கவில்லை. 1912-ல்தான் முடிந்தது. 33 வருஷம்! "10 ஆயிரம் நாள், 93 ஆயிரம் மணி நேரம்" என்று சுவரிலேயே கணக்கு எழுதி வைத்தார்.

மீண்டும் தள்ளுவண்டி

தன்னையும் மனைவியையும் அங்கேயே புதைக்க வேண்டும் என்பது ஆசை. சட்டம் இடம் கொடுக்கவில்லை. கிழவர் சளைத்தாரா? ஊர்ச் சுடுகாட்டில் தன் கல்லறையைத் தானே கட்ட ஆரம்பித்தார். அதற்கு 8 வருஷம். முடித்தபோது வயது 86. 1924-ல் காலமானார். அந்தக் கல்லறையில்தான் இருக்கிறார்.

ஓவியர் பிக்காசோவே வந்து பார்த்துவிட்டுப் போனார். ஆனாலும் பாரிசில் சில அதிகாரிகள் "அவலட்சணம்" என்று முகம் சுளித்தார்கள். கலாசார மந்திரி ஆந்த்ரே மால்ரோ கேட்கவில்லை. 1969-ல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்துவிட்டார்.

தள்ளுவண்டிக்கு மட்டும் அரண்மனைக்குள்ளேயே இடம் கிடைத்துவிட்டது. ஷெவால் கட்டிய மாடத்தில் அது நிற்கிறது.