.ஏஐ ஆள்களப் பெயர்

இணைய முகவரியின் ஈற்றில் வரும் .ஏஐ, கரீபியக் கடலிலுள்ள பிரித்தானிய ஆட்சிப்பகுதியான அங்கியுலாவிற்கு ஒதுக்கப்பட்ட நாட்டுக் குறியீடு ஆகும். செயற்கை அறிவுத்திறனின் ஆங்கிலச் சுருக்கமும் அதுவாக அமைந்தது தற்செயலே. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானபின் இதற்குக் கிராக்கி கூடியது. 2023இல் இதன்வழி ஏறத்தாழ 3.2 கோடி அமெரிக்க டாலர் கிடைத்தது. அது அரசு வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். சுமார் 16,000 பேர் வாழும், சுற்றுலாவையே நம்பியிருந்து 2017இல் இர்மா சூறாவளியால் சிதைந்த தீவுக்கு இது பெருந்தொகை.

பெயரைக் குறைந்தது 2 ஆண்டுகளுக்குப் பதிய வேண்டும். புதுப்பிக்காவிட்டால் அது ஏலத்துக்குப் போகும். மறுவிற்பனை வேறு கணக்கு. 'யூ.ஏஐ' 2023இல் 7 இலட்சம் டாலருக்குக் கைமாறியது. இத்தகைய இலாபம் விற்றவருக்கே. தீவுக்குக் கிடைப்பது வாங்கியவர் தொடர்ந்து செலுத்தும் புதுப்பிப்புக் கட்டணம்தான்.