ஜகன்மோகினி நடத்திய அம்மையார்



நமது போர்ட் கிள்ளானுக்கு முன்பு போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். 1972ஆம் ஆண்டில்தான் பெயர் மாறிற்று. என் பாட்டி மட்டும் பழைய பெயரைக் கடைசி வரை விடவில்லை. கப்பலில் வந்து கால் வைத்த இடம் அல்லவா! அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சம்பள நாளில் கட்டைவிரலை மையில் தோய்த்து ஒற்றிவிட்டு வருவார். ஆனால், இரவில் லயத்து வாசலில் உட்கார்ந்து நல்லதங்காள் கதையைத் தொடங்கினாரானால், அடுத்த லயத்துப் பிள்ளைகளும் சோற்றுத் தட்டோடு வந்துவிடுவார்கள். "பாட்டி, இதையெல்லாம் புத்தகமாகப் போடலாமே" என்று ஒருநாள் சொன்னேன். "போடா, நான் கைநாட்டு. எனக்கும் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிரித்துவிட்டார்.

கைநாட்டுக்கும் புத்தகத்துக்கும் சம்பந்தம் உண்டா, இல்லையா? இந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே பதில் சொன்ன ஓர் அம்மையாரைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப்போகிறேன். அவர் பெயர் வை. மு. கோதைநாயகி அம்மாள். தமிழ்நாட்டில் அந்நாளில் வை.மு.கோ. என்றாலே போதும், வாசகர்களுக்குத் தெரியும்.

அவர் 1901ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பிறந்தார். சின்ன வயதிலேயே தாயை இழந்தார். ஐந்தரை வயதில் திருமணம்! ஆம், ஐந்தரை வயதுதான். மாப்பிள்ளை பார்த்தசாரதியும் சிறுவரே. சென்னை திருவல்லிக்கேணியில் வாழ்ந்த குடும்பம். பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் வழக்கம் அந்த வீடுகளில் அப்போது இல்லை. புகுந்த வீட்டில் கேட்டுக் கேட்டுப் பாசுரங்களைப் பாடம் செய்துகொண்டார். பாட்டு நன்றாக வந்தது. கணவர் நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார். பார்த்து வந்த நாடகமும் கேட்ட கதையும் மனத்தில் கலந்து புதுக்கதையாகும். அவற்றை வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லுவார். சொல்லத் தெரிந்தது; எழுதத்தான் வரவில்லை.

எனவே முதல் நூலை அவர் எழுதவில்லை, சொன்னார். அவருடைய தோழி பட்டம்மாள் என்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லச் சொல்ல எழுதிக்கொடுத்தார். அது 'இந்திர மோஹனா' என்னும் நாடகம். 1924ஆம் ஆண்டில் அச்சாகி வந்தது. கதை அம்மையாருடையது, கை தோழியுடையது. அந்தத் தோழி இல்லையென்றால் வை.மு.கோ. என்ற பெயரே நமக்குத் தெரிந்திராது என்று நான் எண்ணுவதுண்டு. பின்னர் அம்மையார் தாமே எழுதவும் பழகிக்கொண்டார். மணமாகிக் குடும்பம் நடத்தும் வயதில் எழுத்துப் பழகுவது எளிய காரியமா என்று முதியோர் வகுப்புக்குப் போன தாய்மார்களைக் கேட்டால் தெரியும்.

அக்காலத்தில் துப்பறியும் நாவல்களுக்குப் பேர்போனவர் வடுவூர் துரைசாமி ஐயங்கார். அவர் இந்த அம்மையாரின் 'வைதேகி' என்னும் நாவலுக்கு உதவி செய்தார். அதோடு, நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' என்ற மாத இதழை எடுத்து நடத்தும்படி யோசனையும் சொன்னார். 1925ஆம் ஆண்டில் ஜகன்மோகினி அம்மையாரின் கைக்கு வந்தது. அப்போது வயது இருபத்து மூன்று.

இங்கே ஒரு விவரம் சொல்ல வேண்டும். தமிழில் பத்திரிகை நடத்திய முதல் பெண் இவரே என்று சிலர் சொல்லுகிறார்கள். அது சரியல்ல. இவருக்கு முன்னரே பண்டிதை விசாலாட்சி அம்மாள் 'ஹிதகாரிணி' நடத்தியிருக்கிறார். வை.மு.கோ.வின் பெருமை முதலில் தொடங்கியதில் இல்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் விடாமல் நடத்தியதில் இருக்கிறது.

பத்திரிகை நடத்துவது என்றால் என்ன? இப்போது பையன்கள் கைப்பேசியில் நாலு வரி தட்டினால் நாடெங்கும் போய்விடுகிறது. அந்தக் காலத்தில் அப்படியல்ல. ஈயத்தால் ஆன எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வரிவரியாக அடுக்க வேண்டும். அதற்கு அச்சுக்கோப்பது என்று பெயர். நமது தோட்டத்தில் நிரைநிரையாக மரம் பார்த்துப் பால் வெட்டுவதைப் போன்ற பொறுமையான வேலை அது. ஒன்றை விட்டாலும் கணக்குத் தப்பும். அடுக்கியதை மை தடவி ஒரு பிரதி எடுத்து, பிழை திருத்தி, பிறகு அச்சடித்து, மடித்து, தைத்து, முகவரி எழுதி, தபால் தலை ஒட்ட வேண்டும். சந்தாப் பணம் வரவேண்டும். வராவிட்டாலும் காகிதக் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டும். இது முடிந்தவுடன் அடுத்த மாத இதழ் வாசலில் வந்து நிற்கும். அம்மையார் பின்னர் சொந்த அச்சகமும் வைத்துக்கொண்டார். கணவர் பார்த்தசாரதி இந்த வேலைகளில் துணையாக நின்றார். மனைவி பெயர் வெளியே வர, தாம் பின்னால் நின்று கணக்குப் பார்த்த கணவன்மார் அந்நாளில் எத்தனை பேர்?

ஊரில் எதிர்ப்பும் இருந்தது. குடும்பப் பெண் கதை எழுதுவதா, ஆண்களோடு வியாபாரம் பேசுவதா என்று ஏசினார்கள். அம்மையார் பதிலுக்கு ஏசிக்கொண்டிருக்கவில்லை. அடுத்த மாத இதழைக் கொண்டுவந்தார். அதில் தொடர்கதை இருந்தது. தொடர்கதையின் வலிமை தோட்டத்தில் வளர்ந்த நமக்குத் தெரியாதா? ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றியிருந்து கேட்டு, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று ஒரு மாதம் காத்திருப்பார்கள். இப்படி ஏறக்குறைய 115 நாவல்களை அவர் எழுதினார். விதவை மறுமணம், குடியின் கேடு, பெண்ணுக்குக் கல்வி இல்லாததால் வரும் துன்பம், இவையெல்லாம் அவற்றில் வரும். உண்மையைச் சொன்னால், இன்று அந்த நாவல்களைப் படிப்பவருக்குச் சில இடங்களில் சலிப்புத் தட்டும். உபதேசம் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால், அவை யாருக்காக எழுதப்பட்டனவோ, அந்தப் பெண்கள் அப்போதுதான் அடுப்படியில் ஒரு கையில் கரண்டியும் மறு கையில் பத்திரிகையுமாக நின்று எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

1925ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்த காந்தியடிகளை அம்மையார் சந்தித்தார். அதன் பிறகு பட்டையும் நகையையும் விட்டுக் கதர் உடுத்தலானார். 1930களின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியலிலும் அந்நியத் துணி மறியலிலும் ஈடுபட்டுச் சிறை சென்றார். ஆசிரியர் சிறைக்குப் போனால் பத்திரிகை என்ன ஆகும்? கணவர் வெளியில் இருந்து நடத்தினார். அம்மையார் சிறைக்குள் இருந்தபடியே நாவல் எழுதினார். கள்ளுக்கடை என்றவுடன் நமது தோட்டங்களில் கூலி நாளன்று மாலையில் கள்ளுக்கடை வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்து நின்ற பெண்களின் முகம் எனக்கு நினைவு வருகிறது. அந்த மறியல் ஏன் பெண்களை அவ்வளவு இழுத்தது என்பதை நாம் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

மேடையில் அவர் பேசினால் கூட்டம் கலையாது. இடையிடையே சின்னச் சின்னக் கதை சொல்லுவார், பாடவும் செய்வார். சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் 1938ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கிற்று. அம்மையாரின் குரல் வானொலியிலும் கேட்டது. யோசித்துப் பாருங்கள். பத்திரிகை படிக்க எழுத்துத் தெரிய வேண்டும். வானொலிக்குக் காது இருந்தால் போதும். வாயால் கதை சொல்லத் தொடங்கியவர் எழுத்து வழியாகச் சுற்றிவந்து மறுபடியும் வாய்ச்சொல்லுக்கே வந்து சேர்ந்தார். மலாயாவில் போர் முடிந்த மறு ஆண்டு, 1946இல், வானொலியில் தமிழ்ப் பகுதி தொடங்கியபோது, தோட்டத்தில் ஒரே ஒரு வானொலிப் பெட்டி இருக்கும் வீட்டு வாசலில் எத்தனை பெண்கள் கூடினார்கள் என்று என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அந்தப் போர்க்காலம் அவரையும் விடவில்லை. 1942இல் கோலாலம்பூர் ஜப்பானியர் கையில் விழுந்து நம்மவர் மரவள்ளிக் கிழங்கைத் தின்னத் தொடங்கிய அதே ஆண்டில், ஜப்பான் குண்டு போடும் என்ற அச்சத்தால் சென்னை மக்கள் ஊரைக் காலி செய்து ஓடினார்கள். அம்மையார் குடும்பமும் சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊருக்குப் பெயர்ந்தது. காகிதம் கிடைப்பதே அரிதாயிற்று. அதையும் கடந்துதான் ஜகன்மோகினி பிழைத்தது.

அவரை வீழ்த்தியது போரன்று, புத்திர சோகம். 1956ஆம் ஆண்டில் மகன் சீனிவாசன் இறந்துபோனார். அதன் பிறகு அம்மையாரின் உடம்பு தேறவில்லை. காச நோய் பற்றிக்கொண்டது. 1960ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் காலமானார். ஜகன்மோகினியும் அவரோடு முடிந்தது.

1966ஆம் ஆண்டில் கே. எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கி, பத்மினி நடித்து 'சித்தி' என்றொரு படம் வந்தது. இதைக் கேட்கும் தாய்மார்களில் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள். பார்த்து அழுதும் இருப்பீர்கள். அதில் வரும் தாலாட்டை வானொலியில் கேட்டு, கூடவே பாடிப் பிள்ளையைத் தூங்கவைத்தவர்களும் உண்டு. அந்தப் படத்தின் கதை வை.மு.கோ. எழுதிய 'தயாநிதி' என்னும் நாவல். என் பாட்டியும் அந்தப் படத்தைப் பார்த்தார். அது யாருடைய கதை என்று அன்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.