மைக் முன்னால் ஒரு பிழைப்பு

'உங்க குரல் நல்லா இருக்கே, டப்பிங் பேசலாமே' என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறார்கள். அதை நம்பி, இருக்கிற வேலையை விட்டுவிட்டு வடபழனிக்கு வந்து இறங்குகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். யார் மூலமாகவாவது என் எண்ணை வாங்கிப் பேசுவார்கள். அவர்களிடம் நான் முதலில் சொல்வது கொஞ்சம் கசக்கும்: இந்தத் தொழிலில் நல்ல குரல்தான் மலிவான சரக்கு. தெருவுக்கு நாலு பேரிடம் இருக்கிறது.

எனக்குக் கோவில்பட்டி. படிக்கிற காலத்தில் திருநெல்வேலி வானொலியில் 'இளைய பாரதம்' நிகழ்ச்சியில் பேசியிருக்கிறேன். கல்யாணமாகிச் சென்னைக்கு வந்த பிறகு, தொண்ணூறுகளின் கடைசியில், தெரிந்தவர் ஒருவர் கூட்டிக்கொண்டுபோய் ஒரு டப்பிங் தியேட்டரில் நிறுத்தினார். அன்றிலிருந்து இதுதான் சோறு போடுகிறது. கதாநாயகிக்குப் பேசிப் பெயர் வாங்கியவள் அல்ல நான். தோழி, நர்ஸ், அண்ணி, பக்கத்து வீட்டுக்காரி, கார்ட்டூனில் அணில், வங்கிக்கு போன் செய்தால் 'ஒன்றை அழுத்தவும்' என்கிற குரல் என்று இப்படித்தான் என் பிழைப்பு. சொல்லப்போனால், இந்தத் தொழிலில் இருக்கிறவர்களில் பெரும்பாலோர் பிழைப்பும் இதுதான்.

குரலை விட என்ன வேண்டும் என்று கேட்பார்கள். நடிப்பு வேண்டும். 'அமராவதி'யில் அஜித்துக்கும் 'காதலன்' படத்தில் பிரபுதேவாவுக்கும் பேசியவர் விக்ரம். 'பம்பாய்' படத்தில் மனிஷா கொய்ராலாவுக்கும் 'இருவர்' படத்தில் ஐஸ்வர்யா ராய்க்கும் பேசியவர் ரோகிணி. எம்.எஸ்.பாஸ்கர் திரையில் முகம் தெரிவதற்கு முன்பே டப்பிங்கில் ஊறியவர். இவர்களெல்லாம் தேன் குரலுக்காகக் கூப்பிடப்பட்டவர்கள் இல்லை. வேறொருவர் முகத்துக்குள் போய் உட்கார்ந்து நடிக்கத் தெரிந்தவர்கள்.

நடிப்புக்கு அடுத்தது காதும் கணக்கும். ஒரு உதாரணம் சொன்னால் புரியும். இந்தியில் எடுத்த ஒரு விளம்பரம். கடைசி வசனத்தில் அந்தப் பெண் உதட்டை மூடி முடிக்கிறாள். எங்களுக்கு வந்த தமிழ் வசனம் 'இன்னைக்கே வாங்கிட்டு வாங்க' என்று இருந்தது. 'ங்க' என்று முடித்தால் வாய் திறந்தே நிற்கும். திரையில் அவள் வாயோ மூடியிருக்கும். பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ ஒட்டவில்லை என்று மட்டும் தெரிந்துவிடும். 'இன்னைக்கே வாங்கிட்டு வரணும்' என்று மாற்றினோம். 'ம்' வந்து உட்கார்ந்தது, அடுத்த டேக்கில் ஓகே. ப, ம இரண்டும் உதட்டை மூட வைக்கிற எழுத்துகள். அவை எங்கே விழுகின்றன என்று ஒரு கண் எப்போதும் திரையில் இருக்க வேண்டும், இன்னொரு கண் பேப்பரில். இதோடு அந்தப் பெண் எங்கே மூச்சு இழுக்கிறாள், படியேறும்போது எப்படி இரைக்கிறாள், எந்த இடத்தில் 'ம்' கொட்டுகிறாள் எல்லாவற்றையும் பேச வேண்டும். இதை ரியாக்‌ஷன் என்போம். புதிதாக வருகிறவர்கள் வசனத்தை நன்றாகப் பேசிவிட்டு, இதில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

நான் வந்த காலத்தில், ஃபிலிமைத் துண்டுகளாக்கி லூப் போட்டுத் திரும்பத் திரும்ப ஓட்டுகிற முறை முடியும் தறுவாயில் இருந்தது. ஒரு காட்சியில் ஐந்து பேர் பேசினால் ஐந்து பேரும் ஒரே மைக்கைச் சுற்றி நிற்போம். ஒருவர் தவறினால் ஐவருக்கும் மறுபடி முதலிலிருந்து. சீனியர் முறைத்துப் பார்ப்பார். ஆனால் அவர் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்கிற பாடம் இலவசமாகக் கிடைத்தது. இப்போது புரோ டூல்ஸ் மென்பொருளில் ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து தன் டிராக்கைப் பேசிவிட்டுப் போய்விடலாம். வேலை வேகமாக முடிகிறது. ஆனால் கற்றுக்கொள்ள ஆள் கிடையாது. புதியவர்களைப் பார்த்து நான் பரிதாபப்படுவது இதற்காகத்தான்.

சினிமாவில் நுழைவாசல் என்றால் க்ரவுட். கல்யாண வீடு, கோயில் திருவிழா, சாலை மறியல் என்று பின்னணியில் கூட்டம் பேசுகிற சத்தத்தை ஆறேழு பேர் நின்று உண்டாக்குவோம். சுலபம் என்று நினைக்காதீர்கள். ஒரு வாக்கியம்கூடத் தெளிவாகக் கேட்கக் கூடாது. 'மாப்பிள்ளை எங்க' என்று பாதி கேட்கலாம். யார் பெயரையாவது பளிச்சென்று சொல்லிவிட்டால் அது கதாநாயகன் வசனத்தைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். க்ரவுடில் ஒழுங்காக நிற்கிறவரைத்தான் இன்சார்ஜ் கவனிப்பார்.

இன்சார்ஜ் யார் என்று சொல்ல வேண்டும். இந்தக் கேரக்டருக்கு இந்தக் குரல் என்று முடிவு செய்து ஆள் அழைத்து வருகிறவர் டப்பிங் இன்சார்ஜ். டைரக்டருக்கு உங்களைத் தெரியாது, தெரியவும் வேண்டாம். இன்சார்ஜுக்குத் தெரிந்தால் போதும். "என்னம்மா, சாயங்காலம் ஃப்ரீயா? ஒரு நர்ஸ் வேஷம், ரெண்டே சீன், வந்துடு." "வர்றேண்ணா." என் வாழ்க்கையில் பாதி இப்படிப்பட்ட இரண்டு வரி உரையாடல்களில் நடந்தது. சொன்ன நேரத்துக்கு வருவது, அடுத்தவர் பேசும்போது வளையலைக் கழற்றி வைப்பது, ஐந்தாவது டேக்கிலும் முகம் சுளிக்காமல் இருப்பது. இவற்றைப் பார்த்துத்தான் அடுத்த போன் வரும்.

எனக்கு இருந்த குறை, பேச்சில் ஊர் வாடை. அதைத் தேய்த்து எடுத்தவர் ஒரு சீனியர் அக்கா. தியேட்டர் வாசல் டீக்கடையில் நிற்க வைத்துச் செய்தித்தாளை வாசிக்கச் சொல்வார். "ஏம்மா, 'ழ' வருது, 'ள' வருது. ராகத்தை மட்டும் இறக்கு" என்பார். இன்னொன்றும் சொன்னார், அதுதான் பெரிது: "ஊர்ப்பேச்சைத் தொலைச்சுடாத. ஒரு நாள் அதுக்கே உன்னைக் கூப்பிடுவாங்க." கூப்பிட்டார்கள். தென்மாவட்டக் கதைகள் வரத் தொடங்கியதும் எனக்கு வேலை கூடியது.

சங்கத்தைப் பற்றிக் கேட்காமல் யாரும் போனை வைப்பதில்லை. சினிமா, சீரியலில் தொடர்ந்து பேச டப்பிங் சங்க அட்டை வேண்டும். அது திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான பெப்சியில் உள்ள சங்கங்களில் ஒன்று. சேர்க்கைக் கட்டணம் சிறிய தொகை இல்லை. பேமென்ட் நின்றுபோனால் கேட்பதற்கு ஒரு இடம், உடம்பு முடியாமல் போனால் விசாரிக்க நாலு பேர் என்ற வகையில் சங்கம் எனக்கு உதவியிருக்கிறது. அதே நேரம், 2018-ல் பாடகி சின்மயி சங்கத்திலிருந்து நீக்கப்பட்டதையும் பார்த்தோம். சந்தா கட்டவில்லை என்றது சங்கம். மீ டூ புகார் சொன்னதற்கான பழிவாங்கல் என்றார் அவர். த்ரிஷாவுக்கு '96' படத்தில் பேசிப் பாராட்டு வாங்கிய குரல், மறுபடி அவருக்கே தமிழில் பேச 2023-ல் 'லியோ' வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு வழிதான் என்கிற தொழிலில் அந்த வழி அடைபட்டால் பிரபலமானவருக்கே இந்தக் கதி. அதனால் சங்கத்தில் சேருங்கள், ஆனால் சங்கத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள் என்பது என் கருத்து. திரைப்படத் துறையினருக்கு அரசின் நல வாரியம் இருக்கிறது. அதில் பதிந்துகொள்ளப் பலர் சோம்பல்படுகிறார்கள். எனக்குக் கோபம் வரும்.

அட்டை இல்லாமல் செய்யக்கூடிய வேலையும் நிறைய உண்டு. ஒலிப்புத்தகம், ஆன்லைன் பாடம், கம்பெனி விளம்பரப் படம், யூடியூப். வானொலி நாடகத்துக்குக் குரல் தேர்வில் தேறினால் தரம் பிரித்து வாய்ப்புத் தருகிறார்கள். பணம் குறைவு, பயிற்சி நிறைவு. 2020-ல் கொரோனா வந்து தியேட்டர்கள் மூடியபோது என்னைக் காப்பாற்றியது இந்த வெளிவேலைகள்தான். பட்டுப்புடவை பீரோவைத் திறந்துவைத்து, மேலே ரஜாயைப் போர்த்தி, அதற்குள் மைக்கை வைத்துப் பேசினேன். ஃபேன் போடக் கூடாது, வியர்த்துக் கொட்டும். எதிர்வீட்டு குக்கர் விசில் அடித்தால் அந்தப் பத்தி போச்சு. வீட்டில் பதிவு செய்கிறவர்கள் விலை உயர்ந்த மைக்குக்கு முன்னால் அறையைச் சரிசெய்யுங்கள். எதிரொலிக்கிற அறையில் எந்த மைக்கும் எடுபடாது. ஒரு மணி நேர ஒலிப்புத்தகத்துக்குப் பேசவும் திருத்தவும் பல மணி நேரம் போகும் என்பதையும் கணக்கில் வைத்துக் கூலி கேளுங்கள்.

கூலி என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு நிறுவனம் பாடப்புத்தகங்களைக் குரலில் பதிவு செய்ய வைத்துவிட்டு மாதக்கணக்கில் இழுத்தடித்தது. எழுத்தில் எதுவும் இல்லை, எல்லாம் போனில் பேசியது. பழைய இன்சார்ஜ் அண்ணன் ஒருவர் தலையிட்டுப் பேசினார், பாதிப் பணம் வந்தது. மீதி வரவில்லை. அதற்குப் பிறகு நான் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்காமல் மைக்கைத் தொடுவதில்லை. எந்தெந்த ஊடகத்தில் வரும், எத்தனை காலத்துக்கு, எத்தனை முறை இலவசமாகத் திருத்தித் தர வேண்டும், பணம் என்றைக்கு? இந்த நான்கும் இருந்தால் போதும். டிடிஎஸ் பிடித்திருந்தால் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள். வரி கட்டுகிற அளவுக்கு வருமானம் இல்லாத எத்தனையோ பேர் பிடித்த அந்த வரிப் பணத்தைத் திரும்பக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

தொண்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. குரல் நாண்கள் பெண்களுக்குச் சாதாரணப் பேச்சிலேயே நொடிக்குச் சுமார் 200 முறை அதிர்கின்றன. பிரசவ வலிக் காட்சிக்கு அலறும்போது அவை என்ன பாடுபடும்? விவரம் தெரிந்த இன்சார்ஜ் அலறலையும் சண்டைச் சத்தத்தையும் அன்றைய கால்ஷீட்டின் கடைசிக்குத் தள்ளிவைப்பார். தள்ளாவிட்டால் நீங்களே கேளுங்கள், தப்பில்லை. செருமிச் செருமித் தொண்டையைச் சரிசெய்யாதீர்கள், தண்ணீர் குடியுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு இருந்தால் பாட்டி வைத்தியத்தோடு நிறுத்தாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். நாண்களில் முடிச்சு விழுவது எங்களுக்கு வருகிற தொழில்நோய்.

பெரிய ஆங்கிலப் படங்கள் வந்தால் நட்சத்திரங்களைப் பேச வைக்கிறார்கள். 2019-ல் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' தமிழில் அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி பேசியதும், பழைய குரலுக்குப் பழகிய ரசிகர்கள் சண்டைக்கு வந்தார்கள். எங்களுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். இப்போது வந்திருப்பது அதைவிடப் பெரிய போட்டி. 2024-ல் 'லால் சலாம்' பாட்டுக்கு ஏ.ஆர்.ரஹ்மான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவர் குரலையும் செயற்கை நுண்ணறிவில் உருவாக்கினார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்துச் செய்ததாகச் சொன்னார். அதே வருடம் பாடகர் அரிஜித் சிங் வழக்கில், அனுமதியில்லாமல் அவர் குரலைப் போலச் செய்வதற்கு மும்பை உயர்நீதிமன்றம் தடை போட்டது. பதிப்புரிமைச் சட்டத்திலும் நிகழ்த்துகிறவருக்குத் தனியாக உரிமை உண்டு, அது 50 வருடம் நீடிக்கும். ஆனால் பெயர் தெரியாத எங்களைப் போன்றவர்கள் கோர்ட்டுக்குப் போக முடியுமா? எங்களுக்கு இருக்கிற ஒரே சமயம் கையெழுத்துப் போடுவதற்கு முந்தின ஐந்து நிமிடம்தான்.

ஒப்பந்தத்தில் 'இப்போதுள்ள, இனி வரப்போகிற எல்லாத் தொழில்நுட்பத்திலும், என்றென்றைக்கும்' என்று ஒரு வரி இருக்கும். உங்கள் குரலை மெஷினுக்குப் பழக்க அந்த வரியைக் காட்டுவார்கள். அதை அடித்துத் தரச் சொல்லுங்கள். தயங்காமல், மரியாதையாகக் கேட்டால் பல இடங்களில் அடித்துத் தருகிறார்கள். அடிக்க மறுத்தால் வேலையை விடுவதா வேண்டாமா என்பதை அவரவர் வீட்டு நிலைமைதான் தீர்மானிக்கும், அதில் நான் உபதேசம் செய்யப்போவதில்லை.

வாய்ப்பு வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கிறவர் யாராக இருந்தாலும் காசு கொடுக்காதீர்கள். இன்சார்ஜ் உங்களுக்குக் கொடுப்பார், உங்களிடம் கேட்க மாட்டார். ஒப்பந்தம் புரியவில்லை என்றால், யாராவது ஒரு சீனியரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நாங்கள் யாரும் அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் மட்டும் கூப்பிடாதீர்கள், அது தொண்டைக்கு ஓய்வு நேரம்.