ஹென்னி போர்ட்டன்: ஜெர்மனியின் முதல் திரை நட்சத்திரத்துக்கு மார்க்கெட் போனது ஏன்?

‘பேசும் படம் வந்தது, ஊமைப்பட நட்சத்திரங்களுக்கு மார்க்கெட் போச்சு.’ சினிமா வரலாற்றில் நீங்கள் அடிக்கடி கேட்டிருக்கும் வரி இது. பலர் விஷயத்தில் உண்மையும்கூட. ஆனால் ஜெர்மனியின் முதல் திரை நட்சத்திரம் என்று சொல்லப்படும் ஹென்னி போர்ட்டன் நடித்த படங்களை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தால், இந்த வரி பொருந்தவில்லை.

170-க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர் அவர். அவருடைய கரியரில் பெரிய சரிவு தொடங்குவது ஒலி வந்தபோது அல்ல. 1933-க்குப் பிறகு.

அப்போது என்னதான் நடந்தது?

யார் இந்த ஹென்னி போர்ட்டன்?

1890-ல் மாக்டபர்க் நகரில் பிறந்தவர். அப்பா ஃப்ரான்ஸ் போர்ட்டன் ஓபரா பாடகர். அக்கா ரோசாவும் நடிகை, பின்னாளில் திரைக்கதையும் எழுதியவர்.

ஹென்னி கேமரா முன் முதலில் நின்றது 1906-ல், 16 வயதில். ஜெர்மன் சினிமாவின் முன்னோடித் தயாரிப்பாளர் ஆஸ்கர் மெஸ்டர் அப்போது ‘டோன்பில்டர்’ என்ற குட்டிப் படங்களை எடுத்துக்கொண்டிருந்தார். கிராமபோன் தட்டில் பாட்டு ஓடும், திரையில் நடிகர்கள் அதற்கு வாயசைப்பார்கள். ஆக, ஊமைப்பட நட்சத்திரம் என்று நாம் சொல்பவர் தொடங்கியதே சத்தத்தோடுதான்!

அந்தக் காலத்தில் நடிகர்களின் பெயரைத் திரையில் போடும் வழக்கம் பெரிதாக இல்லை. படம் பார்த்தவர்களே ‘அந்தப் பொன்னிற முடிக்காரப் பெண் யார்?’ என்று கேட்கத் தொடங்கினார்கள். அக்கா ரோசா எழுதிய ‘பார்வையற்றவளின் காதல் இன்பம்’ படத்துக்குப் பிறகு, 1911 வாக்கில், அந்தப் பெயர் நாடெங்கும் தெரிந்துவிட்டது. பெயருக்காகவே டிக்கெட் விற்பது ஜெர்மனிக்கு அப்போது புதுசு.

உச்சம் எப்படி இருந்தது?

1914-ல் முதல் உலகப் போர் வெடித்ததும் பிரெஞ்சுப் படங்களின் வரத்து நின்றது. உள்ளூர்ப் படங்களுக்குப் பெரிய சந்தை திறந்தது. அதன் நடுவில் நின்றவர் ஹென்னி. ஆனால் அதே போர்தான் அவருடைய கணவரையும் கொண்டுபோனது. அவருடைய பல படங்களை இயக்கிய கர்ட் ஸ்டார்க், 1916-ல் போர்முனையில் இறந்தார்.

1920-ல் இயக்குநர் எர்ன்ஸ்ட் லூபிட்ஷ் அவரை வைத்து இரண்டு படங்கள் எடுத்தார். ‘கோல்ஹீசலின் மகள்கள்’ நகைச்சுவைப் படம். அதில் அழகான தங்கை, முரட்டு அக்கா என இரட்டை வேடம். ‘ஆன் பொலீன்’ சரித்திரப் படம். அதில் தலை வெட்டப்படும் இங்கிலாந்து அரசி. இரண்டிலும் ஜோடி எமில் யானிங்ஸ்.

1921-ல் சொந்தத் தயாரிப்பு நிறுவனம் தொடங்கினார். 1924-ல் இயக்குநர் கார்ல் ஃப்ரோலிஷுடன் கூட்டு சேர்ந்து தயாரித்தார். அதே 1921-ல் மறுமணமும் செய்துகொண்டார். கணவர் வில்ஹெல்ம் ஃபான் காஃப்மன், மருத்துவர். யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அன்று அது யாருக்கும் பெரிய செய்தியாக இல்லை.

ஒலி வந்ததும் என்ன ஆனது?

தாக்குப்பிடித்தார். 1930-ல் ஜி. டபிள்யூ. பாப்ஸ்ட் இயக்கத்தில் ‘ஈவாவைச் சுற்றி ஒரு வம்பு’ என்ற பேசும் படத்தில் நடித்தார். பத்து வருடம் முந்தைய ‘கோல்ஹீசலின் மகள்கள்’ கதையை அதே ஆண்டில் ஒலியோடு மறுபடி எடுத்தார்கள். அதே இரட்டை வேடம், அதே ஹென்னி.

அடி விழுந்தது வேறு பக்கத்தில். 1931-ல் சொந்தமாகத் தயாரித்து நடித்த ‘பிரஷ்ய அரசி லூயிஸ்’ படம் நஷ்டத்தில் முடிந்தது. கடன் கழுத்தை நெரித்தது. இது சினிமாவில் சகஜம்தான். நடிப்பதை விடாமல் இருந்தால் கடனிலிருந்து மீண்டுவிடலாம். ஆனால் நடிக்கவே விடவில்லை என்றால்?

1933-ல் என்ன மாறியது?

ஹிட்லர் ஆட்சிக்கு வந்த ஆறே மாதத்தில் திரைப்படத் துறைக்கென்று அரசு மன்றம் ஒன்று அமைக்கப்பட்டது. உறுப்பினர் அட்டை இல்லாதவருக்கு ஸ்டூடியோவில் வேலை கிடையாது. அந்த அட்டையை வைத்தே யூதர்களைத் துறையிலிருந்து வெளியேற்றினார்கள். யூதரைத் திருமணம் செய்தவர்கள் தொடர்ந்து நடிக்க, பிரசாரத் துறை அமைச்சர் கோயபல்ஸின் கருணை தேவைப்பட்டது.

அரசு எதிர்பார்த்தது விவாகரத்தை. ஒரே ஒரு கையெழுத்து போட்டால் பழைய வாழ்க்கை திரும்பிவிடும். ஹென்னி போடவில்லை.

அந்தக் கையெழுத்தின் எடையைப் புரிந்துகொள்ள ஒரு விவரம் தேவை. 1935-ன் நியூரம்பர்க் சட்டங்கள் யூதருக்கும் யூதரல்லாதவருக்கும் இடையே புதிய திருமணங்களைத் தடை செய்தன. ஏற்கெனவே நடந்த திருமணங்களை ரத்து செய்யவில்லை. பின்னர் யூதர்களை நாடுகடத்திக் கொல்லத் தொடங்கியபோது, யூதரல்லாத துணை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் அதிலிருந்து ஒரு பாதுகாப்பு இருந்தது. விவாகரத்து ஆனால் அது போய்விடும். ஆக, ஹென்னி தன் கரியரைக் கொடுத்துக் காத்தது கணவரின் உயிரை.

அவருக்கு வேலை ஒரேயடியாக நிற்கவில்லை, வடிந்துபோனது. 1935-ல் ஒரு நகைச்சுவைப் படம், பிறகு எப்போதாவது ஒன்று. வெளிநாடு போகவும் அனுமதி கிடைக்கவில்லை. 1941-ல் பாப்ஸ்ட் ‘நாடகக்காரர்கள்’ படத்தில் ஒரு துணை வேடம் கொடுத்தார். பழைய பார்ட்னர் ஃப்ரோலிஷ் 1939 முதல் அதே திரைப்பட மன்றத்தின் தலைவர். அவர் இயக்கிய ‘புக்ஹோல்ஸ் குடும்பம்’ 1944-ல் வந்தது, அதில் ஹென்னி. அதே ஆண்டு குண்டுவீச்சில் வீடு போனது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

அதே துறை, அதே நெருக்கடி. முடிவுகள் மட்டும் வேறு வேறு:

● எமில் யானிங்ஸ்: 1929-ல் சிறந்த நடிகருக்கான முதல் ஆஸ்கரை வென்றவர். நாஜி ஆட்சியின் செல்லப்பிள்ளை ஆனார்.

● ஹைன்ஸ் ரூமன்: யூத மனைவியை 1938-ல் விவாகரத்து செய்தார். நட்சத்திரமாகவே தொடர்ந்தார்.

● ஃப்ரிட்ஸ் கோர்ட்னர்: யூதர். நாட்டைவிட்டு வெளியேறினார்.

● யோவாகிம் காட்ஷால்க்: யூத மனைவியைப் பிரிய மறுத்தார். 1941 நவம்பரில் மனைவி, மகனோடு உயிரை விட்டார்.

ஹென்னி மறுத்தும் உயிர் பிழைத்தார், கணவரும் பிழைத்தார். அதற்கு அவருடைய புகழும் பழைய நட்புகளும் உதவியிருக்கலாம். அவை இல்லாத சாதாரணத் தம்பதிகளும் ஆயிரக்கணக்கில் இதே நெருக்கடியில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்கணும்.

போருக்குப் பிறகு?

நாஜி ஆட்சி போனது, வாய்ப்பு மட்டும் வரவில்லை. மேற்கு ஜெர்மனித் தயாரிப்பாளர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1950-களின் நடுவில் கிழக்கு ஜெர்மனியின் அரசு ஸ்டூடியோவான டெஃபா அழைத்தது. அங்கே இரண்டு படங்களில் முக்கிய வேடம். பனிப்போர்க் காலம் ஆச்சே, ‘கம்யூனிஸ்ட்காரர்களிடம் போய்விட்டார்’ என்று மேற்கில் திட்டினார்கள். 1960 அக்டோபரில் பெர்லினில் இறந்தார்.

எந்தப் படத்தில் தொடங்கலாம்?

1921-ல் வந்த ‘பின்படிக்கட்டு’. மூன்றே முக்கியப் பாத்திரங்கள். வசன அட்டைகள் மிகக் குறைவு. ஜெர்மன் தெரியவே வேண்டாம். வேலைக்காரப் பெண்ணாக ஹென்னி. காதலனாக வில்ஹெல்ம் டீட்டர்லே, 1930-ல் ஹாலிவுட் போய் இயக்குநர் ஆனவர். தபால்காரராக, மேலே பட்டியலில் நீங்கள் பார்த்த கோர்ட்னர். படம் வந்து 12 வருடங்கள் கழித்து, இந்த மூவரில் ஜெர்மனியில் மிஞ்சியது ஹென்னி மட்டும்தான்.